சட்டைப்பையில் ஒரு அட்டை, பத்து மணி நேரப் பயிற்சி: டிடபிள்யூஐ பாடத்தொகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழில் ‘கோச்சிங்’ என்றால் நீட் வகுப்போ டிஎன்பிஎஸ்சி வகுப்போதான் முதலில் நினைவுக்கு வரும். வேலை நடக்கும் இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. புதிதாக வந்தவரின் பக்கத்தில் நின்று, வேலை கைக்கு வரும்வரை கூட இருந்து, பிறகு மெல்ல விலகிக்கொள்வதே அங்கே கோச்சிங். இதைச் செய்யவேண்டியவர் சூப்பர்வைசர். அவருக்கு வேலை தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுப்பதற்கென்று எழுதப்பட்ட பாடப்பொருள்களில், அதிகம் பேரிடம் சோதிக்கப்பட்டதும், உள்ளே என்ன இருந்தது என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடிவதும் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது உருவான ‘தொழிலகத்துக்குள் பயிற்சி’ திட்டத்துடையது. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு டிடபிள்யூஐ என்பார்கள். அதில் பல பாடங்கள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது ‘வேலை கற்பித்தல்’ பாடத்தை மட்டும்.

எதற்காகப் பிறந்தது

1940 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது. சானிங் டூலி, வால்டர் டீட்ஸ், மைக் கேன், வில்லியம் கானோவர் ஆகிய நால்வர் நடத்தினார்கள். நால்வருமே பெரிய நிறுவனங்களில் இருந்து வந்தவர்கள். டூலி எண்ணெய் நிறுவனத்துக்காரர். டீட்ஸ் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்தவர். தளவாட ஆலைகளுக்கு ஆள் வேண்டும், வருகிறவர்களோ ஆலை வாசலையே மிதிக்காதவர்கள். கைதேர்ந்தவர்கள் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் கட்டத்தில் ஆலை ஆலையாகப் போய் ஆலோசனை சொன்னார்கள், துண்டறிக்கைகள் அச்சடித்துக் கொடுத்தார்கள். கேட்ட ஆலைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, ஆலோசகர்களோ போதவில்லை. துண்டறிக்கை மேசையோடு நின்றுவிடும், மெஷின் பக்கம் போகாது. நல்ல தகவல் கையில் இருந்தால் நல்ல பயிற்சியாளர் உருவாகிவிடுவார் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. இன்றும் பல நிறுவனங்களின் உள்வலையில் ‘கோச்சிங் வளங்கள்’ என்ற பெயரில் நாற்பது பிடிஎஃப்களும் இருபது வீடியோக்களும் கிடக்கின்றன. 1940-இல் உடைந்த அதே நம்பிக்கைதான் அது.

முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் உலகப் போரில் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் தயாரித்த சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வி ஆசிரியர், கற்பித்தலை நான்கு படிகளாக வகுத்திருந்தார்: ஆயத்தம் செய், காட்டு, செய்யவிடு, சோதி. அதைப் பத்து மணி நேரத்தில் எந்த ஆலையின் சூப்பர்வைசருக்கும் பழக்கிவிட முடியுமா என்பதே டிடபிள்யூஐ முன்னால் இருந்த கேள்வி.

அட்டை

பாடத்தொகுப்பில் பங்கேற்பாளர் கையோடு கொண்டுபோகும் அச்சுப்பொருள் ஒன்றே ஒன்று: சட்டைப்பையில் அடங்கும் அட்டை. ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்கும் முன் செய்யவேண்டியவை, மறுபக்கம் சொல்லிக்கொடுக்கும் முறை.

முன்னேற்பாடு நான்கு. கால அட்டவணை போடு: யாருக்கு, எந்த வேலை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு தேர்ச்சி. வேலையைப் பிரித்து எழுது: முக்கியப் படிகள், ஒவ்வொன்றிலும் உள்ள சூட்சுமம், பாதுகாப்பு எப்போதுமே சூட்சுமம்தான். கருவியும் சரக்கும் தயாராக இருக்கட்டும். வேலை செய்யும் இடத்தை, வேலையாள் எப்படி வைத்திருக்க வேண்டுமோ அப்படி ஒழுங்குசெய்.

சொல்லிக்கொடுப்பது நான்கு படி. முதலில் ஆளைத் தயார் செய்: பயத்தைப் போக்கு, வேலை என்னவென்று சொல், ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், ஆர்வம் வரச்செய், சரியான இடத்தில் நிறுத்து. இரண்டாவது, வேலையைச் சொல்லிக்கொண்டே காட்டு, ஒரு நேரத்தில் ஒரு படி. சூட்சுமத்தை அழுத்திச் சொல். அவர் தாங்கும் அளவுக்கு மேல் கொடுக்காதே. மூன்றாவது, அவரைச் செய்யவிடு, தப்பைத் திருத்து. மறுபடி செய்யும்போது சூட்சுமங்களை அவர் வாயால் சொல்லவை. அவருக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும்வரை தொடர். நான்காவது, தனியே விடு, யாரிடம் கேட்கலாம் என்று ஆளைக் காட்டு, அடிக்கடி போய்ப் பார், கேள்வி கேட்கத் தூண்டு, கூடுதல் கோச்சிங்கைப் படிப்படியாகக் குறை.

‘கோச்சிங்’ என்ற சொல் அந்த அட்டையில் வருவது கடைசி வரியில்தான், அதுவும் ‘குறை’ என்ற கட்டளையோடு. பக்கத்திலேயே நிரந்தரமாக நிற்கும் பயிற்சியாளர் வேலையை முடிக்கவில்லை என்பது இதன் உட்பொருள். அட்டையின் அடியில் ஒரு வாக்கியம்: வேலையாள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை. (பெண்கள் லட்சக்கணக்கில் ஆலைக்குள் வந்த ஆண்டுகளிலும் ஆங்கில அட்டை முழுக்க ‘அவன்’தான்.)

முடிச்சு

பாடம் மொத்தம் 5 அமர்வு, ஒவ்வொன்றும் 2 மணி நேரம், குழுவுக்குச் சுமார் 10 பேர். முதல் அமர்வின் உயிர், மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சு. இரண்டு இழை முறுக்கிய விளக்குக் கம்பியை ஹோல்டருக்குள் நுழைத்து இந்த முடிச்சைப் போட்டால், யாராவது கம்பியை இழுத்தாலும் இழுவை திருகாணி முனைகளுக்குப் போகாது. தீக்காப்பீட்டுக்காரர்களின் முடிச்சு என்று அதற்குப் பெயர்.

பயிற்றுநர் முதலில் ஒருவரை அழைத்து முடிச்சை வாயால் மட்டும் விவரிப்பார். இழைகளைப் பிரி, வலக்கை இழையை வளைத்துப் பிரதானக் கம்பியின் முன்னால் கொண்டுவா, இடக்கை இழையை உன்பக்கம் இழுத்து, நீட்டி நிற்கும் முனைக்கு அடியில், கம்பிக்குப் பின்னால்... கேட்பவர் கையில் கம்பி சிக்கிக்கொண்டு நிற்கும். அடுத்து இன்னொருவரை எதிரில் நிறுத்திப் பேசாமல் செய்துகாட்டுவார். எதிரில் நின்று பார்ப்பவருக்கு வலம் இடமாகத் தெரியும். விரல்கள் எதைச் செய்தன என்று கண்ணில் பட்டாலும் எது முக்கியம் என்று தெரியாது. அவராலும் முடியாது. மூன்றாவதாக ஒருவரைத் தன் பக்கத்திலேயே, ஒரே திசை பார்க்க நிறுத்தி, நான்கு படி முறையில் சொல்லிக்கொடுப்பார். அவர் போட்டுவிடுவார்.

இந்தச் சோதனைக்கு முடிச்சைத் தேர்ந்ததில் கணக்கு இருக்கிறது. முடிச்சு சின்னது, சில நிமிடத்தில் முடியும். பார்த்தால் எளிது, செய்தால் வராது. பத்துப் பேரில் யாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்காது. தப்பா சரியா என்று வாதாட இடமில்லை, முடிச்சு விழுந்ததா இல்லையா அவ்வளவுதான். இருபது வருட அனுபவமுள்ள சூப்பர்வைசர்கள் தாங்கள் தினம் செய்துகொண்டிருந்த இரண்டு முறைகளும் கண்முன்னே தோற்பதைப் பார்க்கிறார்கள். ‘சொன்னேன், கேட்கலை’, ‘காட்டினேன், பிடிக்கலை’ என்ற இரண்டு புகாரும் அத்தோடு செல்லாக்காசு.

இங்கே அடிக்கடி நேரும் பிழை: தோற்ற இருவரும் குழு முன்னால் அசடுவழிய நிற்பார்கள். பயிற்றுநர் உடனே ‘இது இவர் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தின் தப்பு’ என்று சொல்லியே ஆகவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் அடுத்த அமர்வில் யாரும் முன்வர மாட்டார்கள்.

இன்று முறுக்குக் கம்பி கிடைப்பது குறைவு. மெல்லிய ஒயரில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு இழையை இரண்டடி நீளத்துக்கு வெட்டி முறுக்கிக்கொண்டால் போதும். நுனியில் 6 அங்குலம் பிரிக்க வேண்டும். குறைத்தால் கடைசியில் நுனியைக் கண்ணிக்குள் நுழைக்க நீளம் போதாது. ஆளுக்கு ஒன்று, கூடுதலாக நாலைந்து வெட்டி வைக்கவும்.

பாதி நேரம் செய்துபார்க்கவே

இரண்டாம் அமர்வு முதல் ஒவ்வொரு பங்கேற்பாளரும் தன் பிரிவில் உண்மையில் நடக்கும் ஒரு வேலையைக் கொண்டுவந்து, அது தெரியாத இன்னொரு பங்கேற்பாளருக்குக் குழு முன்னால் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவருக்கு அரை மணி என்று வைத்தால் பத்துப் பேருக்கு 5 மணி நேரம், அதாவது பாடத்தில் சரிபாதி. பத்துக்கு மேல் ஆள் சேர்க்கக்கூடாது என்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான். பதினெட்டுப் பேரை உட்காரவைத்தால் எட்டுப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுச் சான்றிதழோடு போவார்கள்.

கொண்டுவரும் வேலை சிறியதாக, கருவியோடு மேசைமேல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ‘லைன் மொத்தத்தையும் எப்படி ஓட்டுவது’ என்று ஒருவர் வருவார். திருப்பி அனுப்பி ஒரு துண்டை எடுத்துவரச் சொல்ல வேண்டும். முடிந்ததும் கருத்துச் சொல்லும் வரிசை முக்கியம். முதலில் சொல்லிக்கொடுத்தவர், பிறகு கற்றவர், பிறகு குழு, கடைசியில் பயிற்றுநர். வரிசை மாறி பயிற்றுநர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவதோடு சரி.

பயிற்றுநர் கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்ன பேசுவது, எப்போது கரும்பலகையில் எழுதுவது, எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாமே அதில் அச்சிட்டிருக்கும். மனப்பாடத்தை நம்பாதே, கையேட்டை வைத்துக்கொண்டே நடத்து என்பது கட்டளை. சுதந்திரமாகப் பேசிப் பழகிய பயிற்றுநர்களுக்கு இது கசக்கும். ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு என்று கைமாறும்போது, ஒவ்வொரு கையிலும் ஒரு கதை கூடி ஒரு செய்முறை குறையும். கறாரான கையேடு அந்தத் தேய்மானத்துக்குத்தான் வேலி. பேச்சாளர் மிகத் திறமையானவராக இருப்பது இந்தப் பாடத்துக்கு ஒரு வகையில் ஆபத்து. அவர் பேசும் நேரம் செய்முறையிலிருந்துதான் கழியும்.

வேலைப்பிரிப்புத் தாள்: வழுக்கும் இடம்

பத்து மணி நேரத்தில் பங்கேற்பாளர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். தாளில் இரண்டு பத்தி. இடப்பக்கம் முக்கியப் படி: வேலையை ஒரு கட்டம் முன்னே நகர்த்தும் செயல். வலப்பக்கம் சூட்சுமம். எது சூட்சுமம் என்பதற்கு மூன்று கேள்வி: இது தவறினால் வேலை கெடுமா, ஆளுக்கு அடிபடுமா, இது தெரிந்தால் வேலை எளிதாகுமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் எழுது, இல்லையென்றால் விடு. பின்னாளில் ஜப்பானிய வழக்கில் மூன்றாவது பத்தி ஒன்று சேர்ந்தது: அந்தச் சூட்சுமத்துக்குக் காரணம்.

ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் ஒற்றை ஊசி லாக்ஸ்டிச் மெஷினில் ஊசி மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டால் தாள் இப்படி அமையும்:

1. மோட்டாரை நிறுத்து. சூட்சுமம்: அணைத்தபின் ஊசியிலிருந்து கையை விலக்கி வைத்துப் பெடலை மிதித்துப் பார். காரணம்: கிளட்ச் மோட்டார் அணைத்த பிறகும் சற்றுநேரம் சுற்றும்.
2. ஊசித்தண்டை உச்சிக்குக் கொண்டுவா. சூட்சுமம்: கைச்சக்கரத்தை உன் பக்கமாகச் சுற்று.
3. பழைய ஊசியை எடு. சூட்சுமம்: திருகாணியைத் தளர்த்தினால் போதும், கழற்றாதே. காரணம்: சின்னத் திருகாணி, விழுந்தால் தேட வேண்டும். ஊசி உடைந்திருந்தால் எல்லாத் துண்டும் கையில் வரவேண்டும்; ஒன்று துணிக்குள் தங்கினால் அணிகிறவர் உடம்பில் குத்தும்.
4. புது ஊசியைச் செருகு. சூட்சுமம்: முட்டும்வரை மேலே தள்ளு, நீளப் பள்ளம் இடப்பக்கம், குழிவு வலப்பக்கம். காரணம்: பாதியில் நின்றாலோ திரும்பியிருந்தாலோ கொக்கி நூலைப் பிடிக்காது, தையல் விடும்.
5. இறுக்கு, நூல் கோத்துத் துண்டுத்துணியில் தைத்துப் பார். சூட்சுமம்: நூல் இடமிருந்து வலம்.

முதல்முறை எழுதுகிறவர்களின் தாளில் இதே வேலைக்கு இருபது படி இருக்கும்: கையை நீட்டு, ஸ்க்ரூடிரைவரை எடு, திருகாணியில் வை. ஒவ்வொரு கையசைவும் படியாகிவிட்டால் சூட்சுமம் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். இன்னொரு வகைத் தாளில் சூட்சுமப் பத்தி முழுக்க ‘கவனமாக’, ‘சரியாக’, ‘நன்றாக’ என்றே இருக்கும். ‘கவனமாகச் செருகு’ என்பது கற்பவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ‘முட்டும்வரை’ என்பது சொல்கிறது. மூன்றாவது தவறு, மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது. கைக்குத் தெரிந்த பல விஷயம் வாய்க்குத் தெரியாது. மெஷினில் நின்று, செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி எழுத வேண்டும். கைதேர்ந்த டெய்லரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று எழுதுவது இன்னும் நல்லது. ‘இந்த இடத்தில் ஏன் கையை அப்படித் திருப்பினீங்கக்கா?’ என்று கேட்டால்தான் பாதிச் சூட்சுமம் வெளியே வரும்.

நான்காவது தவறு பெரிய ஆலைகளில் வரும். தாளை லேமினேட் செய்து மெஷினுக்கு மேலே மாட்டிவிடுவார்கள். இது பயிற்றுநர் தன் எண்ணத்தை ஒழுங்குபடுத்த எழுதும் குறிப்பு. வேலையாள் படிப்பதற்கான விதிப்பலகை அல்ல. மாட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொடுப்பது நின்று, ‘அதான் அங்க எழுதியிருக்கே’ தொடங்கிவிடும்.

ஒரு பாடத்துக்கு அளவும் இருக்கிறது. 15 முதல் 30 நிமிடத்துக்குள் அடங்காத வேலையையும், சூட்சுமம் ஆறேழுக்கு மேல் போகிற வேலையையும் இரண்டாகப் பிரித்துவிடலாம்.

எண்களை எப்படி வாசிப்பது

1945 செப்டம்பரில் அமெரிக்க அரசு திட்டத்தை மூடும்போது 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. அதில் பாதிக்கு மேல் வேலை கற்பித்தல் பாடத்துக்கு. கடைசிக் கணக்கெடுப்பில் 86 விழுக்காடு ஆலைகள் உற்பத்தி குறைந்தது 25 விழுக்காடு கூடியதாகவும், எல்லா ஆலைகளுமே பயிற்சி நேரம் குறைந்தது 25 விழுக்காடு குறைந்ததாகவும் சொல்லியிருந்தன. கழிவு அதே அளவு குறைந்ததாகச் சொன்னவை 55 விழுக்காடு.

இவை ஆலைகள் தாங்களே சொன்னவை. பயிற்சி பெறாத ஆலைகளோடு ஒப்பிட்ட கணக்கு இதில் இல்லை. அந்த ஆண்டுகளில் புது மெஷின், இரட்டை ஷிஃப்ட், போர்க்கால வேகம் எல்லாமே உற்பத்தியைக் கூட்டிக்கொண்டிருந்தன. 86 என்பதைப் பாடத்தின் மதிப்பெண்ணாகக் காட்டும் ஸ்லைடுகளை நம்ப வேண்டாம். பயிற்சி நேரம் குறைந்ததை மட்டும் கொஞ்சம் நம்பலாம். பாடம் நேரடியாகத் தொட்டது அதைத்தான்.

மூடிய பிறகு அமெரிக்காவில் இது வேகமாக மறைந்தது. சம்பளம் கொடுத்து நடத்திய அரசு விலகியதும், ஆலைக்குள் இதற்கென்று பொறுப்பாளர் இல்லை. இந்த ஓட்டையை அவர்களே முன்பே பார்த்து, ஆலையின் பயிற்சிப் பொறுப்பாளருக்கென 1943-இல் தனிப் பாடம் சேர்த்திருந்தார்கள். அது எட்டியது மிகச் சிலரைத்தான். ஜப்பானில் கதை வேறு. போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்த பாடத்தை டொயோட்டா 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது. அங்கே வேலை கற்பித்தல் குழுத் தலைவரின் அன்றாடக் கடமையாக இருந்ததால் நிலைத்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து டொயோட்டா ஆலை தொடங்கியபோது, அந்த நான்கு படி ஜப்பான் வழியாகப் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தது.

எதற்குப் பொருந்தாது

சரியான முறை ஒன்று உண்டு, அது பயிற்றுநருக்குத் தெரியும் என்ற இரண்டு நிபந்தனை மேல்தான் இந்தப் பாடம் நிற்கிறது. வாடிக்கையாளரோடு பேரம் பேசுவது, புதுச் சிக்கலுக்கு வழி தேடுவது போன்றவற்றுக்கு வேலைப்பிரிப்புத் தாள் எழுத உட்கார்ந்தால் ‘கவனமாக’ என்ற சொல்தான் மிஞ்சும். அங்கே கேள்வி கேட்டு யோசிக்கவைக்கும் கோச்சிங் வேண்டும். அதேபோல, வேலை தெரிந்தும் செய்யாதவரிடம் நான்கு படியோடு போவது வீண். அதற்கு அதே திட்டத்தில் ‘பணியிட உறவு’ என்று வேறொரு பத்து மணி நேரப் பாடம், வேறொரு அட்டை: உண்மைகளைத் திரட்டு, எடைபோட்டு முடிவெடு, செயல்படு, பலனைச் சரிபார். எந்த அட்டை என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: இந்த வேலையை இவர் ஒருமுறையாவது சரியாகச் செய்து பார்த்திருக்கிறோமா?

இன்று தொகுப்பவர்களுக்கு

பொருள் பட்டியல் சின்னது. இருபக்க அட்டை, ஆளுக்கு ஒன்று. தடித்த தாளில் அடித்தால் போதும், ஆனால் தமிழில் அடிக்க வேண்டும், சூப்பர்வைசர் லைனில் பேசும் தமிழில். வேலைப்பிரிப்புத் தாள் ஆளுக்கு ஐந்து; முதல் மூன்று கிழித்துப்போடவே. கால அட்டவணைத் தாள் ஒன்று. முடிச்சுக் கம்பி. பயிற்றுநர் கையேடு நிமிடக் கணக்கோடு. ப வடிவில் போட்ட பத்து நாற்காலி, நடுவில் ஒரு மேசை. புரொஜெக்டர் வேண்டாம்.

ஐந்து அமர்வையும் ஒரே வாரத்தில் வையுங்கள், ஆனால் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். நடுவில் ஓர் இரவாவது இருந்தால்தான் அடுத்த நாள் செய்முறைக்கு மெஷினில் நின்று தாள் எழுத நேரம் கிடைக்கும். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்தத் தாள்தான்.

கால அட்டவணையை எளிதென்று தள்ளிவிடுவார்கள். மேலே ஆட்களின் பெயர், பக்கவாட்டில் வேலைகள், தெரிந்த வேலைக்கு ஒரு டிக், கற்கவேண்டியதற்குத் தேதி. போட்டு முடித்ததும் ஒரே ஆளுக்கு மட்டும் டிக் விழுந்த வேலை எது என்று பாருங்கள். அந்த ஆள் நாளை லீவு போட்டால் லைன் நிற்கும். முதல் பாடம் அந்த வேலையில் தொடங்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்கப் போகும்போது சான்றிதழ் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். சூப்பர்வைசரின் மேசை இழுப்பறையைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை படிந்து, பேனாவால் அடித்துத் திருத்திய வேலைப்பிரிப்புத் தாள்கள் இருந்தால் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளைவெளேரென்று ஃபைலில் இருந்தால் அடுத்த குழுவைச் சேர்க்கும் முன் அந்த சூப்பர்வைசரோடு மெஷின் பக்கம் போய், ஒரே ஒரு வேலையை மறுபடி பிரித்து எழுத வேண்டும்.